தராசு பொய் சொல்லாது

1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு பத்து மணியளவில், இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஏழு கன்னியர் மலையில் ஒரு விமானம் மோதிச் சிதறியது. மார்ட்டின்எயர் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் டி.சி.8 ரக விமானம். சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கடமைக்காகப் புறப்பட்ட 182 இந்தோனேசியர்களும் சிப்பந்திகள் 9 பேரும் அதில் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. வழியில் கட்டுநாயக்காவில் இறங்கிப் போக வேண்டிய விமானம் அது. விமான நிலையமோ அந்த மலையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 40 கடல் மைல் தள்ளி இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்த இரவைச் சொல்லும்போது சத்தத்திலிருந்துதான் தொடங்குவார்கள். லயத்துக் கூரைத் தகரம் அதிர்ந்ததைச் சொல்வார்கள். பிறகு, முகம் தெரியாத அந்த மனிதர்களுக்காகத் தங்கள் வீட்டுச் சாவைப் போலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். சிறு வயதில் அந்தப் பேச்சற்ற நேரம்தான் என்னைப் பயமுறுத்தியது. வளர்ந்த பிறகு விசாரணை முடிவைப் படித்தபோது வேறு விதமான பயம் வந்தது.

விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாக அடையாளம் கண்டார்கள், அதனால் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள் என்கிறது அந்த முடிவு. அப்படித் தவறியதற்குக் காரணமாக அது காட்டுவது, விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியிருந்ததை. அந்தக் கருவிகள் தவறாக வாசிக்கப்பட இடம் வைத்திருந்தன என்பது அதன் கருத்து. கருவி உடைந்துபோனது என்று அது சொல்லவில்லை. ஒரு கருவி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே 191 பேர் சாகலாம்.

டொப்ளர் கருவி செய்வது என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். விமானத்தின் வயிற்றிலிருந்து தரையை நோக்கி வானொலி அலைகளைச் சாய்வாக அனுப்பும். திரும்பி வரும் அலையின் அதிர்வெண்ணில் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு தரையோடு ஒப்பிட்ட வேகத்தையும் காற்று பக்கவாட்டில் தள்ளும் அளவையும் கணக்கிடும். புறப்பட்ட இடம் தெரியும், வேகம் தெரியும், திசை தெரியும், நேரம் தெரியும். ஆகவே இப்போது எங்கே இருக்கிறோம் என்று கூட்டிச் சொல்லிவிடும். அது வெளியே பார்த்து இடத்தைச் சொல்வதில்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறது. சிறு பிழை ஒவ்வொரு மணிக்கும் சேர்ந்துகொண்டே வரும். இந்து சமுத்திரத்தின் மேல் பல மணி நேரம் பறந்து வந்தவர்களுக்கு, அந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தரையில் ஒரு அடையாளம் வேண்டும். இரவில், மலைகளுக்கு மேலே, அது கிடைக்கவில்லை.

விழுந்த விமானத்தின் சக்கரம் ஒன்று எங்கள் வட்டாரத்தில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. எதிர்காலத் தொழில்நுட்பத்தின் ஆபத்துகளைப் பற்றிய இருண்ட அறிவியல் புனைவுத் தொலைக்காட்சி நாடகங்களை ஆராய வருகிறவர்கள் வழக்கமாக இலண்டனிலிருந்தோ லொஸ் ஏஞ்சலிஸிலிருந்தோ தொடங்குவார்கள். நான் அந்தச் சக்கரத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கலையில் எது கனமானது, எது வெறும் மினுக்கம் என்று எனக்குப் பிரித்தறிய முடிகிறது.

இனி, பொருளை வரையறுத்துக்கொள்வோம். இருண்ட அறிவியல் புனைவு என்று நான் சொல்வது, இன்றைய உலகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு கருவியைக் கூட்டி, அதன் பிறகு ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று பார்க்கிற கதையை. வேற்றுக்கிரக யுத்தங்கள் இதில் சேராது. தொலைக்காட்சியில் இதன் மூத்த வடிவம் 1959 இல் ரொட் செர்லிங் அமெரிக்காவில் தொடங்கிய துவைலைட் சோன். நம் காலத்து வடிவம் சார்லி புரூக்கர் உருவாக்கிய பிளாக் மிரர். அணைந்த தொலைபேசித் திரையிலும் தொலைக்காட்சித் திரையிலும் நம் முகம் கறுப்பாகத் தெரிகிறதே, அந்தக் கண்ணாடிதான் தலைப்பு. அதன் முதற்பாகம் ஒளிபரப்பானது 2011 டிசம்பர் 4 ஆம் திகதி. விபத்து நடந்து சரியாக 37 ஆண்டுகள். இதில் எந்த மாயமும் இல்லை, நாட்காட்டியின் தற்செயல்தான். ஆனாலும் என்னால் அந்தத் திகதியை வேறு விதமாக நினைவில் வைத்துக்கொள்ள முடியாது.

ஒளிபரப்பியது சனல் 4. இலங்கைத் தமிழ் வாசகருக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதே ஆண்டு யூன் மாதம் ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ ஆவணப்படத்தை ஒளிபரப்பிய அதே சனல். அந்தப் படத்தின் கொடூரமான காட்சிகள் பல, கைத்தொலைபேசிகளில் எடுக்கப்பட்டவை. பாதிக்கப்பட்டவர்கள் சாட்சிக்காக எடுத்தவையும் உண்டு, கொன்றவர்கள் வெற்றிச் சின்னமாக எடுத்தவையும் உண்டு. ஒரே கருவி, இரண்டு கைகள். ஆறு மாதம் கழித்து அதே சனலில் எதிர்காலத் திரைகளைப் பற்றிய கற்பனை நாடகம் வந்தபோது, நம்மவர்கள் நிகழ்காலத் திரையை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்கள்.

2016 முதல் அந்தத் தொடர் நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. அங்கே வந்த முதற்பாகம் ‘நோஸ்டைவ்’. விமானம் மூக்குக் குத்திப் பாய்வதற்கான சொல் அது. கதையில் ஒவ்வொரு மனிதரும் மற்றவருக்கு ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி போடுகிறார். தேநீர் வாங்கினாலும் புள்ளி, மின்தூக்கியில் சிரித்தாலும் புள்ளி. நாயகி லேசி 4.2 இல் இருக்கிறாள். விரும்பிய வீட்டைச் சலுகை விலையில் எடுக்க 4.5 வேண்டும். அதைத் தேடிப் போகும் வழியில் ஒவ்வொரு படியாக விழுகிறாள். கதையில் எனக்கு முக்கியமானவள் லேசி அல்லள். வழியில் அவளை ஏற்றிச் செல்கிற வயதான லொறிச் சாரதி. புற்றுநோயில் கிடந்த அந்தச் சாரதியின் கணவனுக்கு 4.3. வைத்தியசாலைக் கட்டில் 4.4 உள்ள வேறொருவருக்குப் போனது. அந்தப் பத்தில் ஒரு புள்ளி அவரைக் கொன்றது. அதற்குப் பிறகு அவள் புள்ளியைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டாள்.

இந்தக் கதையை விமர்சித்தவர்கள் பலர் இதை வரப்போகும் காலமாகப் பார்த்தார்கள். மலையகத்தில் இது வந்துபோன காலம். பெயர், துண்டு.

தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் தோட்ட வேலைக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்த நாட்களில், ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கையில் துண்டு வேண்டும். இந்தக் கங்காணியும் அவனுடைய ஆட்களும் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அந்தப் பணத்தைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார். கடன் தீர்வதில்லை, கை மாறும். துண்டு இல்லாதவனை எந்தத் தோட்டமும் சேர்க்காது. ஊரிலிருந்து வரும்போது எடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தச் சீட்டில் ஒரு எண்ணாகச் சுருங்கும். சீட்டில் உள்ள எண்ணை உழைத்தவரால் வாசிக்க முடியாது. வாசித்தாலும் மறுக்க முடியாது. 1921 இல் ஒரு சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது.

இதற்கு மின்சாரமே தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தாள், ஒரு பேனை, எழுதப்பட்டதை எல்லாத் துரைமாரும் நம்புவது என்ற ஒழுங்கு. லேசியின் உலகத்தில் குறைந்தபட்சம் ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் புள்ளி போடலாம். துண்டு ஒரு பக்கமாகத்தான் எழுதப்பட்டது. புரூக்கரின் குழு கற்பனை செய்ததைவிட அது கடுமையான ஏற்பாடு.

2014 டிசம்பரில் வந்த ‘வைட் கிறிஸ்மஸ்’ என்ற பாகத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். அதில் எல்லோர் கண்ணிலும் ஒரு கருவி பதிக்கப்பட்டிருக்கிறது. யாரையாவது பிடிக்கவில்லையென்றால் ‘தடை’ செய்துவிடலாம். தடைசெய்யப்பட்டவர் எதிரே நின்று கத்தினாலும் சாம்பல் நிற உருவம்தான் தெரியும். சொல் கேட்காது, இரைச்சல்தான் கேட்கும். கதை முடிவில் ஒரு மனிதனை அரசே தடைசெய்கிறது. ஊரில் அவன் நடமாடலாம். ஒருவர் முகமும் அவனுக்குத் தெரியாது, அவன் குரலும் ஒருவருக்கும் கேட்காது.

மலையகத் தமிழருக்கும் இப்படி நடந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர்கள் மலைநாட்டிலிருந்து பாராளுமன்றம் போனார்கள். 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வாக்குரிமை போனது. 1952 தேர்தலில் அப்படிப் போனவர் ஒருவரும் இல்லை. தேயிலை பறிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது, பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடப்பட்டுக்கொண்டே இருந்தது, கப்பல் போய்க்கொண்டே இருந்தது. மனிதர்கள் மட்டும் சாம்பல் நிறமானார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்தது. அந்த மீதி 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. விமானம் விழுந்த அதே ஆண்டு. இந்தப் பிரிப்பின் எச்சத்தைத் தீர்க்க 2003 வரை இன்னொரு சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. எட்டுக் காம்பரா லயத்தில் ஒரு காம்பராவுக்கு இந்தியா, பக்கத்துக் காம்பராவுக்கு இலங்கை என்று விழுந்ததை எங்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மாயியின் தங்கை இராமேஸ்வரம் போன பிறகு திரும்பவில்லை. ‘வைட் கிறிஸ்மஸ்’ பார்த்தபோது அந்தச் சாம்பல் உருவங்களில் ஒன்றுக்கு நான் அவருடைய முகத்தை வைத்துப் பார்த்தேன். அவருடைய புகைப்படம் எங்களிடம் இல்லை, ஆகவே அம்மாயியின் முகத்தைத்தான் வைக்க முடிந்தது.

பிளாக் மிரர் பாகங்களில் பெருமளவு பேசப்பட்ட ‘ஃபிஃப்டீன் மில்லியன் மெரிட்ஸ்’ நோட்டன் பிரிட்ஜ்காரனுக்குச் சொந்தக் கதை. மக்கள் நாள் முழுவதும் ஓடாத சைக்கிளை மிதித்து மின்சாரம் உண்டாக்குகிறார்கள். மிதித்ததற்கு மெரிட் என்ற புள்ளி கிடைக்கும். நான்கு சுவரும் திரை. விளம்பரத்தைப் பார்க்க மறுத்தால் அபராதம்.

எங்கள் ஊர் இருப்பதே மின்சாரத்தால். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918 இல் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கையின் ஆறுகள் விழும் உயரத்தைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். ஆட்சியிலிருந்தவர்கள் அதை எடுத்துக்கொள்ள மிகவும் தாமதித்தார்கள். லக்ஷபான மின்நிலையத்தின் முதற்கட்டம் ஓடத் தொடங்கியது 1950 இல். அதற்குத் தண்ணீர் கொடுப்பது கெகல்கமு ஓயாவை மறித்து நோட்டனில் கட்டிய அணை. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் ஓடும் 50 மெகாவாற் நிலையம் நோட்டன் பிரிட்ஜில் வந்தது. அதற்கு விமலசுரேந்திரவின் பெயரையே வைத்தார்கள். அதே அறுபதுகளின் பிற்பாதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரத்தை விழுங்கியது. வறட்சியில் தண்ணீர் வடியும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். ஊரே போய்ப் பார்க்கும். வான்கதவு திறந்தால் செய்தியில் எங்கள் பெயர் வரும், மற்ற நாட்களில் வராது.

இவ்வளவு மின்சாரமும் கோபுரம் கோபுரமாகக் கம்பியில் ஏறி எங்கள் லயங்களுக்கு மேலால் கொழும்புக்குப் போனது. கீழே குப்பி விளக்கு. பல தோட்ட லயங்களுக்கு மின்சாரம் வர, லக்ஷபானவுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் பிடித்தன. சைக்கிள் மிதிக்கிறவனுக்குத் திரையாவது கொடுத்தார்கள் அந்தக் கதையில். உண்டாக்கிய வெளிச்சம் தன் தலைக்கு மேலால் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதரை அது யோசிக்கவில்லை. இதை அந்தப் பாகத்தின் குறையாகவே சொல்கிறேன். திரை எல்லோருக்கும் கிடைத்துவிட்டது, இனி ஆபத்து திரை மிகுதியால்தான் என்று நினைப்பது வசதியான ஊர்களின் கவலை.

தமிழில் இந்த வகைக்கு முன்னோடி சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூரதர்ஷனில் நாடகமானது. கதை நடப்பது 2021 இல். மக்களின் பெயர் இரண்டெழுத்துக்குள் இருக்க வேண்டும்: நிலா, சிபி, ரவி, மனோ. ஆளுக்கு ஒரு எண். பிள்ளை பெற அரசின் அனுமதி. தலைவன் ஜீவாவே ஒளியால் ஆன பொய்யுருவம். ஜீனோ என்ற இயந்திர நாய் மட்டும் மனிதரைப் போல யோசிக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் பலரும் ஜீனோவின் மேல் வைத்த பாசத்தில் அந்த இரண்டெழுத்துச் சட்டத்தை மறந்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சட்டம்தான் நெஞ்சில் தைத்தது. தோட்டத்துப் பேரேடான செக்ரோலில் பேர் எழுதும் கணக்கப்பிள்ளை எத்தனை பெயரைத் தன் வசதிக்குச் சுருக்கியிருக்கிறார்! அம்மாயியின் சரியான பெயர் அவர் செத்த பிறகுதான், மரணச் சான்றிதழில் சிக்கல் வந்தபோது, எங்களுக்குத் தெரிந்தது.

உண்மையான 2021 எப்படி இருந்தது? கொரோனாவால் பாடசாலை மூடிக்கிடந்தது. இணையவழிப் பாடத்துக்குக் கவரேஜ் தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறினார்கள். மார்ச் மாதம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டுகிறார்கள் என்று தோட்டம் தோட்டமாக முறைப்பாடு எழுந்தது. சுஜாதா நினைத்த பொய்யுருவத் தலைவன் எங்கள் மலைக்கு வரவில்லை. வந்தது கிலோ கணக்கு.

கண்டிப் பக்கம் வேறொன்று வந்தது. 2018 மார்ச் தொடக்கத்தில் திகனையிலும் சுற்றூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. முகநூலில் வெறுப்பு ஓடிய வேகத்துக்கு ஈடாகக் கும்பல் ஓடியது. 6 ஆம் திகதி அவசரகாலநிலை, அடுத்த நாள் சமூக ஊடகத் தடை. சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்படுவதைப் படித்துக் கண்காணிக்க முகநூல் நிறுவனத்திடம் போதிய ஆட்கள் இருக்கவில்லை. 2020 மே மாதம் அது மன்னிப்புக் கேட்டது. இதை ஒரு நாடகப் பாகமாக எழுதியிருந்தால், மிகைப்படுத்திவிட்டார்கள் என்று தள்ளியிருப்போம்.

அறிவியல் புனைவுக்கு இந்த மலையோடு பழைய உறவு ஒன்றும் உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008 மார்ச்சில் கொழும்பில் இறந்தார். 1979 இல் வந்த அவருடைய நாவலில் வானத்துக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதன் கால் ஊன்றும் மலை ஸ்ரீகந்த. எங்கள் சிவனொளிபாதமலைதான் அது. கணக்குச் சரியாக வர, தீவையே தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்தார். அந்த நாவலை நான் நேசிக்கிறேன். உச்சியில் பிக்குகள் இருக்கிறார்கள், பிடிவாதக்காரப் பொறியியலாளர் இருக்கிறார், பழைய மன்னனின் கனவு இருக்கிறது. மலையின் சரிவில் காலையில் ஏறிக் கொழுந்து பறிக்கிறவர்கள் கதையின் மையத்துக்கு வரவில்லை. தரையிலிருந்து வானத்துக்கு 36,000 கிலோமீற்றர் பார்த்த கண், சரிவைப் பார்க்காமல் போனது என் மனக்குறை.

ஆனால் கிளார்க்தான் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து ஹால் 9000 என்ற கணினியையும் எங்களுக்குக் கொடுத்தார். 1968 படம். விண்கலத்தின் ஒரு பாகம் பழுதாகப் போகிறது என்று ஹால் சொல்கிறது. எடுத்துப் பார்த்தால் பழுது இல்லை. தன் வகைக் கணினி தவறியதே இல்லை, தவறு மனிதருடையதாகத்தான் இருக்கும் என்கிறது ஹால். பிறகு நடக்கும் கொலைகளைவிட இந்த இடம்தான் என்னை நடுங்கவைக்கிறது. கருவி ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது, கண்ணைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

என் சித்தி கொழுந்து பறிக்கிறவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். முன்பு அங்கே தொங்கு தராசு. வட்டமான முகம், ஒரு முள். கொழுந்து நிறுக்கும்போது நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை சாக்கை இறக்கிவிட்டால் சத்தம் போடுவார்கள். சண்டை பிடிக்க ஒரு முள் இருந்தது. சில வருடங்களுக்கு முன் இலத்திரனியல் தராசு வந்தது. எண் நேராகக் கணக்கப்பிள்ளையின் கையிலுள்ள சின்ன மெசினுக்குப் போகும். சாக்கின் எடை, ஈரக் கொழுந்தென்றால் தண்ணீர்க் கழிவு எல்லாவற்றையும் அதுவே கழித்து மீதியைக் காட்டும். சித்தி பார்ப்பது கடைசி எண்ணை மட்டும்.

ஒரு நாள் சித்தி கேட்டார்.

“ஐயா, இன்னும் மூணு கிலோ வரணுங்க.”

“நானாம்மா போடுறேன்? மெசின் போடுது. மெசின் பொய் சொல்லாது.”

“மண்டையில கயித்தப் போட்டுச் சுமந்து வந்தவ நானுங்க. என் கழுத்துக்குத் தெரியாதுங்களா?”

அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்தான், பாதி நாட்சம்பளம்தான், விழுந்தது.

கணக்கப்பிள்ளையைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் மெசினை நம்பினார். ஏழு கன்னியர் மலையை நோக்கி இறங்கிய விமானிகளும் நம்பினார்கள். அவர்களுக்கு மலை வந்து பதில் சொன்னது. பெரட்டில் நிற்கிற பெண்ணின் பக்கத்தில் மலை வந்து நிற்பதில்லை. கருவியின் பிழையால் அதை வைத்திருக்கிறவர் அடிபடும்போது கருவி திருந்துகிறது, விசாரணை நடக்கிறது, அறிக்கை வருகிறது. அதை வைத்திருக்கிறவருக்கு இலாபமும் எதிரே நிற்கிறவருக்கு நட்டமும் விழும் பிழை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். எதிர்காலத் தொழில்நுட்பத்தின் ஆபத்தைப் பற்றிய எந்த நாடகத்தைப் பார்த்தாலும் நான் இதைத்தான் தேடுகிறேன்: கருவி சொன்னதை மறுத்துப் பேச அந்தக் கதையில் யாருக்கு வழியில்லை? லொறிச் சாரதியைக் காட்டியதால் ‘நோஸ்டைவ்’ எனக்குக் கனமான கதை. இயந்திர நாய் துரத்துவதையே காட்டும் ‘மெட்டல்ஹெட்’ திறமையான படப்பிடிப்பு. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்தக் கேள்வியைத் தமிழில் முதலில் கேட்டவள் கண்ணகி. வழக்குரை காதையை இப்படி வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றி நெடுநாளாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணகியின் சிலம்பும் அரசியின் சிலம்பும் ஒன்றுதான். பொற்கொல்லன் சொன்னான், அரசன் ஏற்றான், ஆள் போய்விட்டது. பொற்கொல்லன் அந்த நகரத்தின் அளவுகருவி. பொன்னை மதிப்பிடத் தெரிந்தவன் அவனே என்பதால் அவன் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. கண்ணகி அழுது மட்டும் வழக்கை வெல்லவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் வாயாலேயே வந்தது. சிலம்பை உடைத்தாள். உள்ளே இருந்தது வெளியே தெறித்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்டச் சொல்லும் உரிமையை ஒரு பெண் சபையில் எடுத்துக்கொண்ட இடம் அது. இந்தத் தீவில் சிங்களவரும் அவளைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

2025 இல் வந்த பிளாக் மிரரின் ‘கொமன் பீப்பிள்’ பாகத்தில் ஒரு ஆசிரியையின் மூளையைச் சந்தா கட்டி இயக்குகிறார்கள். கவரேஜ் எல்லையைத் தாண்டினால் மயங்கி விழுவாள். சந்தா உயர உயரக் கணவன் உடைந்துபோகிறான். சித்தியின் மகன் அதைக் கைத்தொலைபேசியில், இஸ்தோப்பில் இருந்துகொண்டு பார்த்தான். முடிந்ததும், “அவன் ஏன் கணக்கைக் கேக்கல?” என்றான். நான் படித்த எந்த விமர்சகரும் கேட்காத கேள்வி. நான் அதைப் பற்றி அன்றிரவு முழுக்க யோசித்தேன். அவன் அதற்குள் வேறு வேலை பார்த்துவிட்டான்.

ஹட்டன் கடையொன்றில் ஒரு கொக்கித் தராசு வாங்கி வந்தான். சித்தியும் அதே மலையில் பறிக்கும் இன்னும் ஐந்து பேரும் கொழுந்து நிறுக்கப் போகும் வழியில், வேலிக்கம்பத்தில் அதை மாட்டித் தங்கள் சாக்கைத் தாங்களே நிறுத்தார்கள். மெசினில் விழுந்த எண்ணையும் கேட்டு வைத்துக்கொண்டார்கள். இரவில் பையன் இரண்டையும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினான். வானம் எப்படி இருந்தது என்று மூன்றாவது கட்டம் ஒன்றும் போட்டான். 12 நாள் எழுதிய பிறகு கொப்பியைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் கொடுத்தார்கள். அவர் அதை ஒபிசுக்குக் கொண்டுபோய், மெசினைத் திறந்து காட்டச் சொன்னார். முதலில் மறுத்தார்கள். கொப்பியைப் புரட்டிப் பார்த்த பிறகு, ஒபிசுக் கிளாக்கர் ஐயா பொத்தான்களை அழுத்திக் கழிவுப் பக்கத்தைக் கொண்டுவந்தார்.

சாக்குக்கு 1, தண்ணீருக்கு 2 என்று அதில் போட்டிருந்தது, எல்லா நாளுக்கும். பையனின் மூன்றாவது கட்டத்தில் 12 நாளில் 9 நாள் வெயில்.